எந்த ஒழுகலுக்கு கிளிப் போடலாம்?

பென்னாகரம் பக்கத்து விவசாயி ஒருவர் அனுப்பிய கேள்வி இது: “என் பிக்கப் வண்டிக்கு 14 வயசு ஆகுது. அடியில போற இரும்புக் குழாய் எல்லாம் துருப்பிடிச்சு, ஒரு இடத்துல கசியுது. பட்டறையில எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்றாங்க. தக்காளி விக்கிற விலைக்கு அந்தச் செலவு முடியாது. குறைஞ்ச செலவுல வீட்டிலேயே சரிபண்ண வழி இருக்குங்களா?”

வேளாண்மை அலுவலரிடம் வழக்கமாக இலைச்சுருட்டு, காய்ப்புழு, மண் பரிசோதனை பற்றித்தான் கேட்பார்கள். ஆனால், விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் விவசாயம்தானே! நாலு வரியில் பதில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. காரணம், இந்தக் கேள்விக்குத் தவறான பதிலை ஒருமுறை என் கையாலேயே செய்து பார்த்தவன் நான். அதைச் சொல்லாமல் சரியான பதிலை மட்டும் சொன்னால் அது நேர்மையாக இருக்காது.

டிராக்டரில் கிடைத்த துணிச்சல்

20 வருடங்களுக்கு முந்தைய கதை. நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் குடும்ப நிலம் பாலக்கோடு பக்கம். அண்ணன்தான் பார்த்துக்கொள்வார். தக்காளி, கேழ்வரகு, கொஞ்சம் மாமரம். ஒரு பழைய டிராக்டரும், கைமாறி வந்த ஒரு பிக்கப் வண்டியும் இருந்தன.

டிராக்டரில் டீசல் ஒழுகிக்கொண்டே இருந்தது. டேங்கிலிருந்து பில்டருக்கு வரும் இரும்புக் குழாயில் துருப்பிடித்து ஊசி ஓட்டை விழுந்திருந்தது. அண்ணன் அதில் சோப்புக் கட்டியைத் தேய்த்து, துணி சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு சொட்டுதான். “இது என்னடா பெரிய நஷ்டம்?” என்றார். இரவு ஒரு டம்ளரை அடியில் வைக்கச் சொன்னேன். அது நிரம்பியதும் மாற்றி மாற்றி வைத்து, விடிந்ததும் அளந்து பார்த்தோம். ஏறக்குறைய அரை லிட்டர். மாதம் 15 லிட்டர் டீசல் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே சரிசெய்தேன். டேங்கின் அடியில் உள்ள காக்கை மூடினேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். துருப்பிடித்த பகுதியை மட்டும் ஆக்சா பிளேடால் அறுத்து எடுத்தேன். மீதிக் குழாயின் இரண்டு முனைகளையும் அரம், உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி, உள்ளே விழுந்த இரும்புத்தூளை டீசல் விட்டுக் கழுவி வெளியேற்றினேன். டீசலுக்கென்றே விற்கும் ரப்பர் ஹோஸில் ஒரு துண்டு வாங்கி, இருபக்கமும் ஓர் அங்குலத்துக்கு மேல் குழாயின் மீது ஏறும்படி செருகி, பக்கத்துக்கு ஒரு கிளிப் போட்டு முறுக்கினேன். பில்டரில் உள்ள காற்று திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அழுத்தி, நுரை இல்லாமல் டீசல் வரும் வரை காற்றை வெளியேற்றி மூடினேன். வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. கிளிப்பும் ஹோஸும் சேர்த்து ஒரு டிபன் செலவுதான்.

பில்டரின் இன்னோர் இணைப்பில், போல்ட்டுக்கு இருபுறமும் வரும் செம்பு வாஷர் வழியாகவும் லேசாகக் கசிந்தது. அந்த வாஷரைக் கழற்றி, டீசல் வாடை இல்லாமல் துடைத்து, வண்டியிலிருந்து தள்ளி வைத்துத் தணலில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் செம்பு மறுபடி மெத்தென்று ஆகிவிடும். திரும்பப் போட்டு முறுக்கினால் பள்ளம் மேடு இல்லாமல் நன்றாக உட்காரும். அதையும் செய்தேன். கசிவு நின்றது.

ஊரில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். “ஏ.ஓ. சாருக்கு மெக்கானிக் வேலையும் தெரியுது!” என்றார்கள். கல்லூரியில் பண்ணை இயந்திரப் பாடம் படித்த பெருமையும் சேர்ந்துகொண்டது. அங்கேதான் தப்பு ஆரம்பித்தது.

அதே கிளிப், வேறு குழாய்

இரண்டு மாதம் கழித்து, பிக்கப் வண்டியின் பின்சக்கரத்துக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாயில் ஈரம் தெரிந்தது. பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு சேலத்துக்குத் தக்காளி ஏற்ற வேண்டும். பட்டறைக்குக் கொண்டு போனால் ஒரு நாள் போய்விடும். “டிராக்டருக்குப் பண்ண மாதிரி பண்ணிடேன்” என்றார் அண்ணன்.

பண்ணினேன். துருவை அறுத்து, ஹோஸ் செருகி, கிளிப் போட்டு, டப்பாவில் ஆயில் ஊற்றி, காற்று எடுத்து முடித்தேன். களத்துமேட்டில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தோம். வண்டி நின்றது. திருப்தியாக இருந்தது.

அன்று மாலையே பாலக்கோட்டிலிருந்து காலிப் பெட்டிகளை எடுத்துவரக் கிளம்பினோம். அண்ணன் ஓட்ட, நடுவில் அவர் மகள், ஓரத்தில் நான். அவளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு திருப்பத்தில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அண்ணன் பிரேக்கை வேகமாக மிதித்தார். பெடல் கிட்டத்தட்ட தரை வரைக்கும் போய்விட்டது. முன்சக்கரங்களில் மட்டும் கொஞ்சம் பிடித்தது. அவர் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியைச் சாலையோர கேழ்வரகு வயலின் வரப்பில் ஏற்றி நிறுத்தினார். ஆடுகள் தப்பின. குழந்தையின் நெற்றி முன்பலகையில் இடித்துக் கிழிந்துவிட்டது.

அரசு மருத்துவமனையில் நாலு தையல் போட்டார்கள். அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திரும்பி வரும்போது, “நாளைக்குக் காலையில தொப்பூர்ல வச்சு இது ஆகியிருந்தா...” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

தொப்பூர் கணவாயை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் தொடர்ந்து இறக்கம். பாரம் ஏற்றிய வண்டியை பிரேக் ஒன்றை மட்டும் நம்பி இறக்கவே கூடாத இடம். 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றி வந்த லாரி ஒன்று அங்கே கட்டுப்பாட்டை இழந்து, முன்னால் நின்ற வண்டிகள் மீது வரிசையாக மோதியதில் 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் நடந்த இன்னொரு விபத்திலும் 4 உயிர்கள் போயின. அந்தச் செய்திகளைப் படித்தபோதெல்லாம் அந்தக் கேழ்வரகு வரப்புதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மெக்கானிக் சொன்ன கணக்கு

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு போனோம். வயதான மெக்கானிக். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, குழாயிலிருந்து கழன்று தொங்கிய ஹோஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். “யாருங்க சார் இதைப் போட்டது?” என்றார். “நான்தான்” என்றேன்.

சிரிக்கவில்லை அவர். “டீசல் குழாய்ல ஓடுறது எண்ணெய். இதுல ஓடுறது உங்க கால் பலம். ரெண்டுக்கும் ஒரே கிளிப் போட்டா எப்படிங்க நிக்கும்?” என்றார்.

அவர் சொன்னதன் கணக்கைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டிராக்டர் டேங்கிலிருந்து டீசல் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. அந்தக் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. பிரேக் குழாயில் கதையே வேறு. வண்டி டயரில் ஒரு சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காற்று வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை அவசரமாக மிதிக்கும்போது அந்த மெல்லிய குழாய்க்குள் 1,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறும். களத்துமேட்டில் மெதுவாக மிதித்தபோது என் கிளிப் தாங்கியது. உயிருக்குத் தேவைப்பட்ட அந்த ஒரு மிதியில் கழன்றுகொண்டது. ஒட்டுப்போட்ட பிரேக் குழாயின் குணமே இதுதான். சோதித்துப் பார்க்கும்போது வேலை செய்யும், அவசரத்தில் கைவிடும்.

அவர் செய்தது என்ன தெரியுமா? ஓர் இணைப்பிலிருந்து அடுத்த இணைப்பு வரை அந்த ஒரு குழாயை மட்டும் முழுதாகக் கழற்றி, அதே நீளத்தில் புதுக் குழாய் போட்டார். அதற்கு ஆன செலவு, நாங்கள் வாங்கப் போன காலிப் பெட்டிகளின் விலையைவிடக் குறைவு. மலிவாக முடிக்கிறேன் என்று நான் செய்த வேலைதான் கடைசியில் விலை அதிகமாக முடிந்தது.

மூன்று வகைக் குழாய்கள்

அன்றிலிருந்து வண்டிக் குழாய்களை நான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதல் வகை, நாமே ஒட்டுப்போடக் கூடியது. டேங்கிலிருந்து பில்டர் வரை வரும் டீசல் குழாய், மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய், ரேடியேட்டர் ஹோஸ் ஆகியவை இதில் சேரும். நான் டிராக்டரில் செய்த முறை இவற்றுக்குப் போதும். ஹோஸின் உள்வாய், குழாயின் வெளிச்சுற்றுக்குச் சரியாக இறுக்கமாக இருக்க வேண்டும். தோட்டத்துத் தண்ணீர் டியூப், மருந்தடிக்கும் டியூப் எல்லாம் வேண்டாம். டீசல் பட்டால் விறைத்து வெடித்துவிடும். பிக்கப் வண்டியில் டேங்க் கீழே இருப்பதால், குழாயில் ஓட்டை விழுந்தால் சொட்டுவதற்குப் பதில் காற்றை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் இதையும் சந்தேகப்படுங்கள். வேலை செய்யும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. டீசல் வாடை இருக்கும் குழாய்க்கோ டேங்குக்கோ வெல்டிங் வைக்கவே கூடாது. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது.

இரண்டாம் வகை, முழுதாக மாற்ற வேண்டியது. அது பிரேக் குழாய். ஹோஸ், கிளிப், பசை, பற்றவைப்பு எதுவும் இதற்கு ஆகாது. அறுத்த இரண்டு முனைகளையும் நட்டும் வளையமும் போட்டு நெருக்கிச் சேர்க்கும் தண்ணீர்க் குழாய் இணைப்பும் ஆகாது. பிரிட்ஜுக்குப் போடும் சாதாரணச் செம்புக் குழாயும் வேண்டாம். அது அதிர்வில் நாளடைவில் விறைத்து விரிசல் விடும். பழைய குழாயைச் சேதமில்லாமல் கழற்றி, உதிரிபாகக் கடைக்கு மாதிரியாக எடுத்துப் போங்கள். நீளம், நட்டின் மரை, குழாயின் வாய் விரிந்திருக்கும் வடிவம் மூன்றும் பொருந்த வேண்டும். அந்த வாயை இரட்டை மடிப்பாக மடித்து விரித்திருப்பார்கள். ஒற்றை மடிப்பு விரிசல் விடும். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் குழாய் கிடைத்தால் துருத்தொல்லை இருக்காது. கையாலேயே வளைக்கவும் வரும்.

மூன்றாம் வகை, கையே வைக்கக் கூடாதது. டீசல் பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் கெட்டியான குழாய், டிராக்டரின் ஹைட்ராலிக் ஹோஸ், டிப்பர் டிரெய்லரின் ஹோஸ். இன்ஜெக்டர் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ அளவில் அழுத்தம் வரும். ஊசி ஓட்டையிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படிப் பட்டுவிட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், “டீசல் அழுத்தத்தில் உள்ளே இறங்கிவிட்டது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள், அதில் ஈரம் விழும். இந்த ஹோஸ்களை ஜே.சி.பி. வண்டிகளுக்கு ஹோஸ் போட்டுத் தரும் கடையில் அளவு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தூக்கி நிற்கும் டிரெய்லருக்கு முட்டுக்கொடுக்காமல் அடியில் போகக் கூடாது.

பிரேக் குழாயில் நாம் எதைச் செய்யலாம்?

கைப்பழக்கம் உள்ளவர்கள், குழாயைக் கழற்றி மாட்டும் வேலையைத் தாங்களே செய்து கூலியை மிச்சப்படுத்தலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். கெட்டியான மரக்கட்டை முட்டு வேண்டும். முந்தைய நாள் மாலையே நட்டுகளைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். புதுக் குழாய் பழையது போன வழியிலேயே, அதே பிடிகளில், சைலன்சரையும் அசையும் பாகங்களையும் தொடாமல் போக வேண்டும்.

பிரேக் ஆயில் டப்பா மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று போட்டிருக்கும். அதே வகையை, சீல் உடைக்காத டப்பாவாக வாங்குங்கள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. யூரியா மூட்டையைத் திறந்து வைத்தால் கசிவது மாதிரிதான். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் ஆவிக் குமிழி வந்து பிரேக் பிடிக்காது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றுவது பெரிய தவறு. உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

காற்று எடுக்க இரண்டு பேர் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் மிகத் தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்திருக்க, இன்னொருவர் சக்கரத்தில் உள்ள திருகைத் தளர்த்தி, ஆயிலும் காற்றும் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும் வரை செய்யுங்கள். நடுவில் டப்பா காலியாகக் கூடாது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியாக இருந்தால் இந்த வேலையைப் பட்டறையிலேயே விடுங்கள். முடித்த பிறகு இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் முழுப் பலத்தோடு மிதித்துப் பிடியுங்கள். பெடல் இறங்கினாலோ, இணைப்பில் ஈரம் தெரிந்தாலோ வண்டி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. எனக்கு விளங்கியது இந்த ஒரு நிமிடச் சோதனையின் அருமைதான். அன்று களத்துமேட்டிலேயே இப்படி மிதித்திருந்தால், என் ஹோஸ் அங்கேயே கழன்றிருக்கும்.

இதில் எந்த இடத்திலாவது சந்தேகம் வந்தால், கடைசிப் பரிசோதனையை மட்டுமாவது நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள்.

துரு எங்கிருந்து வந்தது?

இதுதான் என் துறை சார்ந்த விஷயம். எங்கள் பிக்கப் வண்டி கடற்கரைப் பக்கமே போனதில்லை. பிறகு எப்படி அவ்வளவு துரு? நாங்கள் ஏற்றிய உரம்தான் காரணம். மூட்டைகளிலிருந்து சிந்தும் பொட்டாஷ், தளத்தின் இடுக்கு வழியாகக் குழாய் மீது விழுகிறது. சமையல் உப்பு எப்படிக் குளோரைடு உள்ள பொருளோ, அப்படித்தான் மியூரியேட் ஆஃப் பொட்டாஷும். அதன் எடையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பங்கு குளோரைடுதான். அது ஈரத்தை இழுத்து, குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்குள் சேறோடு சேர்ந்து தங்கிவிடுகிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் குழாய், பிடிக்குள் அரித்துப்போய் இருக்கும். கோழி எருவும் அம்மோனியம் சல்பேட்டும் இதே வேலையைச் செய்யும்.

எனவே உரமோ எருவோ ஏற்றி இறக்கிய அன்றே தளத்தைக் கூட்டி, வண்டியின் அடிப்பாகத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். மோட்டார் ஓடும் பத்து நிமிடம் போதும். வருடத்துக்கு இரண்டு முறை, ஆடிப்பட்டத்துக்கு முன்பும் தைக்குப் பிறகும், குழாய்ப் பிடிகளைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். மேலாகச் செம்மண் நிறம் மட்டும் இருந்தால் துடைத்துவிட்டு மெல்லிய கிரீஸ் தடவலாம். செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ, பள்ளம் தெரிந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது.

பென்னாகரம் வாசகருக்கு

கசிவது எந்தக் குழாய் என்று முதலில் பாருங்கள். டீசல் குழாய் என்றால் ஒரு ஹோஸும் இரண்டு கிளிப்பும் போதும், நீங்களே செய்யலாம். பிரேக் ஆயில் அளவு இறங்கியிருந்தால் இன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள். சரியாகும் வரை ஒகேனக்கல் இறக்கத்திலோ தொப்பூர் இறக்கத்திலோ அதை இறக்காதீர்கள். எல்லாக் குழாயையும் மாற்றச் சொன்னவர் ஏமாற்றுகிறார் என்றும் நினைக்க வேண்டாம். 14 வருடக் குழாய்களில் ஒன்று அரித்திருந்தால், மற்றதும் அதே மழையில் நனைந்ததுதானே! அவரை நேரில் வரச்சொல்லி, ஒவ்வொரு பிரேக் குழாயையும் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். அரித்ததை மாற்றுங்கள். நல்லதை விட்டுவிடலாம். கழற்றி மாட்டும் வேலையில் உங்கள் கையும் சேர்ந்தால் செலவு இன்னும் குறையும்.

சரிசெய்த பிறகும் இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். பிரேக்குக்கு இன்ஜினும் துணை நிற்கும்.

அண்ணன் மகளுக்குத் திருமணமாகி இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. போன பொங்கலுக்கு வந்தபோது, “சித்தப்பா, வண்டியில ஏதோ சொட்டுது, பாருங்களேன்” என்றாள். முடியை ஒதுக்கிக்கொண்டு அவள் குனிந்தபோது நெற்றித் தழும்பு தெரிந்தது. நான் அடியில் படுத்துப் பார்த்தேன். ஏ.சி.யிலிருந்து சொட்டும் வெறும் தண்ணீர்தான். இருந்தாலும் அவர்கள் கிளம்பும் முன் பிரேக்கை ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.